எட்டப்பனாம்!

நேற்று நம் குரூப்பில் ஓடிய மீமை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர் சேக்வான் பார்க்லி முகத்துக்கு முறுக்கு மீசை ஒட்டி, ‘நியூ ஜெர்சியின் எட்டப்பன்’ என்று போட்டது. கீழே சிரிப்புப் பொம்மைகள் குவிந்து கிடக்கின்றன. நியூ ஜெர்சியில் ஆடும் நம் நியூயார்க் ஜயன்ட்ஸை விட்டு 2024-இல் போட்டி அணியான பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போய்விட்டாராம், அந்தக் கோபம். நானும் ஜயன்ட்ஸ் ரசிகன்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டப்பன் என்றால் காட்டிக்கொடுத்தவன். சரி, இந்த ஆள் யாரைக் காட்டிக்கொடுத்தார்? ஒப்பந்தம் முடிந்தது. அடுத்தது தர ஜயன்ட்ஸுக்கு மனசில்லை. தரத் தயாராக இருந்தவர்களிடம் போனார். துரோகம் எங்கே என்று யாராவது விரல் வைத்துக் காட்டுங்கள்.

பார்க்லி ரன்னிங் பேக், அதாவது பந்தைச் சுமந்து ஓடுபவர்; எத்தனை யார்டு ஓடினார் என்பதுதான் கணக்கு. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2018 டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். முதல் சீசனிலேயே ஓடி எடுத்தது 1,307 யார்டு, கேட்ச் பிடித்ததையும் சேர்த்தால் 2,028. சிறந்த புதுமுகம் விருதும் வந்தது. அந்த வருடம் அணி ஜெயித்தது எத்தனை? 16-க்கு 5. அடுத்த வருடம் 4. பந்து கைக்கு வரும்போதே எதிரே இரண்டு பேர் நிற்பார்கள். அவர்களைத் தடுக்க வேண்டிய நம் முன்வரிசை ஆட்கள் வழிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அதற்குள் புகுந்து ஓட வேண்டும். 2020 செப்டம்பரில் சிகாகோவில் வலது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அந்த சீசனே போனது. திரும்பி வந்து, 2022-இல் 1,312 யார்டு ஓடி, பல வருடம் கழித்து அணியை பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றுக்கு இழுத்துக்கொண்டு போனார். மினசோட்டாவை அவர்கள் ஊரிலேயே வீழ்த்திய இரவு இதே குரூப்பில் ‘தலைவா’ என்று எழுதியவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்து 2023 மார்ச். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு நான்கு வருடத்துக்கு 160 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அதே நாளில் பார்க்லிக்கு ஃபிராஞ்சைஸ் டேக். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: டேக் போட்டுவிட்டால் வேறு அணியோடு சுதந்திரமாகப் பேரம் பேச முடியாது. ஒரு வருடத்துக்கு ஒரு தொகை, அவ்வளவுதான். ரன்னிங் பேக்குகளுக்கு அந்த வருடம் அது சுமார் 10.1 மில்லியன். டிராஃப்டில் முதல் சுற்றில் வந்தவனுக்கு நான்கு வருட ஒப்பந்தம், ஐந்தாவது வருடம் நீட்டிப்பது கிளப் விருப்பம், ஆறாவது வருடம் டேக். ரன்னிங் பேக்குக்கு உடம்பு நன்றாக இருப்பதே அந்த வருடங்களில்தான். பார்க்லி அந்த ஆறு வருடத்தையும் ஜயன்ட்ஸுக்கே கொடுத்தார். ஆறு வருடமும் கையெழுத்து அவருடையது, முடிவு அவர்களுடையது. இதைவிட விசுவாசம் எந்தக் கடையில் கிடைக்கும்?

‘நல்ல ஆஃபர் கொடுத்தார்களே, அவர்தானே மறுத்தார்’ என்பீர்கள். ஆண்டுக்கு 12 மில்லியனுக்கு மேல் என்று செய்தி வந்தது உண்மை. இந்த என்.எஃப்.எல். லீகில் ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையைப் பார்க்கக் கூடாது. உத்தரவாதம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மீதியெல்லாம் காகிதம், நடுவில் தூக்கி எறிந்தால் போச்சு. ‘முழங்கால் போனவனை நம்பி யார் கொட்டிக் கொடுப்பார்கள்’ என்று இன்னொருவர். அந்த முழங்கால் யார் ஜெர்சியில் போனது ஐயா?

160 மில்லியன் ஜோன்ஸ் என்ன ஆனார்? 2024 நவம்பரில் அவரை வெளியே அனுப்பினார்கள். அனுப்பிய நிர்வாகத்தை யாரும் எட்டப்பன் என்று சொல்லவில்லை. கிளப் துரத்தினால் அது ‘பிசினஸ் முடிவு’. ஆட்டக்காரன் கிளம்பினால் துரோகம்!

‘எங்கே வேண்டுமானாலும் போகட்டும், ஈகிள்ஸுக்கா?’ இந்தக் கோபம் எனக்கும் இருந்தது, அதை மறைக்கவில்லை. பிராங்க்ஸில் பிறந்தாலும் மனிதர் வளர்ந்தது பென்சில்வேனியாவின் லீஹை பள்ளத்தாக்கில். படித்தது அங்கே உள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். பிலடெல்பியாவும் அதே மாநிலம்தான். சொந்த ஊர்ப் பக்கம் போனார். ‘அவர் பிலடெல்பியா போனால் எனக்குத் தூக்கம் வராது’ என்று எச்பிஓ டிவி கேமரா முன்னாலேயே சொன்னார் ஜயன்ட்ஸ் முதலாளி ஜான் மாரா. தூக்கம் அவ்வளவு முக்கியம் என்றால் ஒரு ஆஃபர் வைத்திருக்கலாமே! வைக்கவில்லை. பழைய ஜயன்ட்ஸ் ரன்னிங் பேக் டிக்கி பார்பர் ரேடியோவில், ‘எங்களைப் பொறுத்தவரை நீ செத்தவன்’ என்றார். 2006 சீசனோடு, நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, தன் விருப்பத்துக்கு ஓய்வு பெற்றுக் கிளம்பியவர் அவர். அவருக்கு இருந்த உரிமை இவருக்குக் கிடையாதாம்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். சொல்கிறேன். கிரீன் கார்டு வரிசையில் நின்ற நம் ஆட்களுக்கு டேக் என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. பழைய கம்பெனியில் இரவு சப்போர்ட் பார்த்தேன், பண்டிகை நாளெல்லாம் பார்த்தேன். சம்பளம் கேட்டால், ‘உன் பேப்பர் எங்களிடம்தானே இருக்கிறது’ என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கார்டு வந்தது, போட்டிக் கம்பெனிக்கு மாறினேன். அடுத்த வாரமே லஞ்ச் குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நீக்கியது மேனேஜர் இல்லை, நம் ஆட்கள். ‘காசைப் பார்த்ததும் போயிட்டான்’ என்று பேசியதும் அவர்கள்தான். அவர்களில் சிலர் நேற்று அந்த மீமுக்குச் சிரித்திருக்கிறார்கள். கண்ணில் படாது என்று நினைத்தீர்களா?

போன இடத்தில் அவர் செய்ததை எல்லோரும் பார்த்தோம். 2024-இல் 16 ஆட்டத்தில் 2,005 யார்டு. ஒரே சீசனில் அதிகம் ஓடியதற்கு எரிக் டிக்கர்சன் 1984-இல் வைத்த 2,105 யார்டு சாதனையை முறியடிக்க வேண்டியது இன்னும் 101. மிச்சமிருந்த ஆட்டம் யாரோடு? ஜயன்ட்ஸோடு, பிலடெல்பியாவிலேயே! பழிதீர்க்க இதைவிட நல்ல நாள் யாருக்குக் கிடைக்கும்? பிளேஆஃப் வருகிறது என்று ஈகிள்ஸ் கோச் சிரியானி ஓய்வு கொடுத்தார். மனிதர் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். சுயநலக்காரராம் இவர். அதற்குப் பலனாக 2025 பிப்ரவரி 9, தன் 28-வது பிறந்தநாளில், கான்சஸ் சிட்டியை 40-22 என்று வென்று சூப்பர் பவுல் கோப்பை. பிளேஆஃபையும் சேர்த்தால் அந்த ஒரே சீசனில் 2,504 யார்டு. அந்தக் கணக்கில் டெரல் டேவிஸின் 1998 சாதனை போனது. நம் ஜயன்ட்ஸ் அந்த வருடம் ஜெயித்தது மூன்று.

‘2025-இல் என்ன கிழித்தார்?’ ஆமாம், முந்தைய வருடத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. 345 முறை பந்தைச் சுமந்து, பிளேஆஃபிலும் அடி வாங்கிய உடம்பு அது. அதனால்தான் ஓடும்போதே காசு கேட்க வேண்டும். உங்கள் அப்ரைசலில் நீங்கள் கேட்பதே இல்லையா? அல்லது கேட்காமல் உட்கார்ந்திருப்பதுதான் உங்களை உறுத்துகிறதா?

பதில் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். இன்பாக்ஸில் வந்து, ‘சும்மா ஜாலிக்கு ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.