அறுவடையும் பொங்கல் படமும்

பொங்கலுக்கு எந்தப் படம் முந்தும் என்று கட்டுரையில் அலசியிருக்கிறீர்கள், சரி, ஆனால் எங்கள் மன்னார்குடிப் பக்கம் அதை முடிவு செய்வது டிரெய்லர் இல்லை, சம்பா அறுவடைதான். தை பிறக்கும்போது பாதி வயலில் கதிர் நிற்கும், அறுத்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும், பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் வீட்டோடு படம். அதனால் முதல் நாள் கூட்டத்தை வைத்து எங்கள் ஊரை எடை போடாதீர்கள், இரண்டாவது வாரம் வந்து பாருங்கள்.

2019இல் பேட்ட, விஸ்வாசம் இரண்டும் ஜனவரி 10 அன்றே வந்தன. என் மாமா அறுப்பு மிஷின் பின்னாலேயே நின்றுவிட்டு, சட்டைக் காலரில் பதர் ஒட்டியபடி இரவுக் காட்சிக்கு ஓடி வந்தார், இடைவேளை வரைக்கும் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தார். இரண்டையும் பார்த்தோம், ஆனால் பத்து நாள் இடைவெளி விட்டு.

விடியற்காலை நான்கு மணிக் காட்சி 2023க்குப் பிறகு இல்லாமல் போனதில் எனக்கு வருத்தமே கிடையாது, அந்த நேரத்தில் களத்து நெல்லுக்குக் காவல் இருக்கவே ஆள் பற்றாது. இந்த முறையும் பெரிய படம் இரண்டு மோதினால் சின்னப் படத்துக்கு மாட்னி கூட மிஞ்சாது, அதுதான் கவலை. அப்புறம், அறுப்பு நேரத்தில் மழை வந்து கெடுக்காமல் இருக்கணும்.