கற்றுக்கொடுப்பவருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும்

வெளிநாடுகளில் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க நம் தொண்டூழியர் குழு ஒதுக்கும் பணத்தைப் பற்றி, சென்ற சனிக்கிழமை நிதி திரட்டு விருந்தில் பேசப்பட்டது உங்களில் பலருடைய காதிலும் விழுந்திருக்கும். "ஆசிரியர்களுக்கே பாடம் எடுக்க எதற்கு இத்தனை வெள்ளி? மருந்து வாங்கி அனுப்பலாமே" என்றார் ஒருவர், அரங்கம் கைதட்டியது. பொறுத்துப் பார்த்தேன், மனம் ஆறவில்லை.

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஒரு லிட்டர் சுத்தமான நீரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்க வேண்டும். உப்பு கூடினால் குழந்தைக்கே ஆபத்து. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, சுகாதாரப் பணியாளர்கள் பார்த்து எழுதிக்கொண்டதும் பாடம் முடிந்ததென்று நினைக்கும் ஆசிரியரிடம் கற்றவர், கிராமத்து வீட்டில் எந்தச் செம்பு ஒரு லிட்டர் பிடிக்கும் என்று தெரியாமல் நிற்பார். சர்க்கரையும் உப்பும் அங்கேயே கிடைக்கும். சொல்லிக்கொடுக்கும் முறைதான் கிடைப்பதில்லை.

அண்டை நாடொன்றின் பயிற்சி நிலையத்தில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். மூச்சுவிடாமல் பிறக்கும் சிசுவுக்கு முதல் நிமிடத்திற்குள் முகக்கவசம் வைத்துக் காற்றுப்பையை அழுத்தத் தொடங்க வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் படிகளை வரிசை பிசகாமல் ஒப்பித்தார்கள். ஆனால் பொம்மையின் முகத்தில் கவசத்தை வைத்து அழுத்தியபோது, காற்று தாடையோரமாகக் கசிந்ததே தவிர நெஞ்சு எழும்பவில்லை. அவர்களுடைய ஆசிரியை பிரசவ அறையில் பழுத்த அனுபவமுள்ள தாதி. தமக்குக் கற்பிக்கப்பட்டபடியே, அதே படிகளை இன்னும் உரக்கச் சொன்னார். ஒவ்வொருவர் கையிலும் பையைக் கொடுத்து, நெஞ்சைப் பார்க்கச் சொல்லி, கசிவை அவர்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கும் முறையை அவருக்கு யாரும் காட்டியதில்லை. காட்டியபின், அன்று மாலைக்குள் அந்த வகுப்பே வேறு வகுப்பாகிவிட்டது.

அனுபவம் போதாதா என்பவர்களுக்கு இதற்குமேல் என்ன சொல்வது? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் முறையாகப் பயிற்றுவிக்கப்பட்ட கிராமத்துப் பெண்கள் வீடு தேடிச் சென்று பராமரித்ததில், பச்சிளங்குழந்தைகளின் இறப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. 1999ஆம் ஆண்டு வெளியான ஆய்வு அது. பெரிய மருத்துவமனை எதுவும் அதைச் சாதிக்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்கு அந்த ஊர் நிலவரம் என்ன தெரியும் என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் பணியாளர்களுக்கு நாம் நேராக வகுப்பெடுக்காமல், அந்த மண்ணையும் மொழியையும் அறிந்த ஆசிரியர்களைத் தயார் செய்ய வேண்டும் என்கிறேன்.

ஆனால் "முதலில் நம் வீட்டைப் பார்ப்போம்" என்ற பேச்சுத்தான் என்னைச் சுடுகிறது. நம் பெற்றோரைப் படுக்கையில் புரட்டிவிட்டு, புண்ணுக்குக் கட்டுப்போடும் தாதியரில் எத்தனை பேர் பிலிப்பீன்ஸிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள்! அவர்களுக்கு அந்தக் கைப்பழக்கத்தை ஊட்டிய ஆசிரியர்களுக்கு நாம் என்ன செய்தோம்? படித்து முடித்தவர்களை மட்டும் வரவழைத்துக்கொண்டு, அங்கே கற்பிப்பவர்களைக் கைவிடுவது எந்த ஊர் நியாயம்?

கைதட்டியவர்கள் கெட்டவர்கள் அல்லர். மருந்துப் பெட்டியைப் படம் எடுக்கலாம், நன்றாகக் கற்பிக்கப்பட்ட பாடத்தைப் படம் எடுக்க முடியாது. எனினும், பயிற்சித் தொகையை மருந்துக்குத் திருப்பும் தீர்மானம் அடுத்த தொண்டூழியர் கூட்டத்தில் வந்தால், ஒருத்தியாக நின்றாலும் எதிர்த்தே வாக்களிப்பேன்.