பெரிய கோயிலின் நிழலும் இணையத்தில் கிடைக்கும் மூல ஆவணங்களும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழுவதே இல்லை என்னும் செய்தி ஓயாமல் பகிரப்பட்டுக்கொண்டே இருக்கிறது. மாலை வெயிலில் அந்தக் கோயில் வளாகத்தைச் சுற்றி வந்தவர்கள் நிழலை மிதித்துக்கொண்டுதான் நடந்திருப்பார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். என் வருத்தம் வேறு. உண்மையிலேயே வியக்கத்தக்க செய்திகள் அதே கோயிலின் கல்லில் வெட்டப்பட்டு, பின்னர் படியெடுத்து அச்சிடப்பட்டு, இன்று காசு கொடுக்காமலே படிக்கக் கிடைக்கும்போது, நாம் இல்லாத அதிசயம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அலைகிறோம்.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் முதல் தொகுதியை ஹூல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1890இல் பதிப்பித்தார். பெரிய கோயில் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் அந்தத் தொகுதியைத் தேடி எடுத்துப் புரட்டினால், இராசராசன் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடல் பணி செய்த பெண்களின், பட்டியல் வருகிறது. ஒவ்வொருவரின் பெயர், அவர் எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தார், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு அவருக்கு ஒதுக்கப்பட்டது என்பது வரை அதில் இருக்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் (பழைய முகத்தலளவை) நெல் என்னும் கணக்கும், அவர்களைத் தொடர்ந்து நட்டுவர், பாடுவோர், கணக்கர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் எனக் கோயிலை நம்பி வாழ்ந்தவர்களின் வரிசையும் அங்கேயே உண்டு. ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு உழக்கு நெய் வேண்டும் என்பதும், அதற்காக 96 ஆடுகள் விடப்பட்டன என்பதும் வேறு கல்வெட்டுகளில் காணக்கிடைக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நிர்வாகத்தின் கணக்கேட்டை நேரடியாகப் படிப்பதில் உள்ள கிளர்ச்சியை நிழல் கதை எதுவும் தந்துவிடாது.

இணையவழிக் கல்வி என்றதும் நமக்குக் காணொளி வகுப்புகளும் சான்றிதழ்களும்தான் நினைவுக்கு வருகின்றன. ஸ்வயம், என்பிடெல் போன்ற இணைய வகுப்புத் தளங்களின் பயனை நான் மறுக்கவில்லை. அடிப்படை தெரியாத துறைக்குள் நுழைய அவை வேண்டும். ஆனால் ஆர்வத்தால் கற்பவருக்கு, பிறர் படித்துச் சுருக்கித் தந்ததைக் காட்டிலும், அவர்கள் எதைப் படித்தார்களோ அதையே திறந்து பார்க்கும் வசதிதான் பெரிது என்பது என் கருத்து.

தமிழில் அந்த வசதி நாம் நினைப்பதைவிட முன்பே வந்துவிட்டது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கியது. யூனிகோடு தமிழில் பரவலாவதற்கு முன்பு, எழுத்துருச் சிக்கல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே, உலகின் பல மூலைகளிலிருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்பு பார்த்தும் சேர்த்த நூல்கள் அவை. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்னும் புறநானூற்றின் 192ஆம் பாடலின் முதல் வரியை மேடைதோறும் முழங்குகிறோம். அந்தத் தளத்தில் பதின்மூன்று வரிகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான், அது உலக ஒற்றுமைக்கான முழக்கமாக மட்டும் எழுதப்பட்டதன்று என்பது புலப்படுகிறது. கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றில் நீரின் போக்கில் செல்லும் புணையை (தெப்பத்தை) போல உயிரும் முறைவழிப்படும் என்று தெளிந்ததால், பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று முடிக்கிறார் கணியன் பூங்குன்றனார். முதல் வரியோடு நிறுத்திக்கொண்டவர்கள் இந்த முடிவைத் தவறவிடுகிறார்கள். மேடையில் பெரியோரை வியந்து பேசுவதற்கு அதுவே வசதி போலும்.

ஆனால் தட்டச்சு செய்த பாடம் மட்டும் போதாது. உ.வே.சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட புறநானூற்றுப் பதிப்பின் ஸ்கேன் செய்த பக்கங்களைப் பார்த்தால்தான், எந்தெந்தச் சுவடிகளை வைத்து அவர் வேலை செய்தார், எங்கே பிரதிபேதம் (சுவடிக்குச் சுவடி பாட வேறுபாடு) இருந்தது, பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுபோனது எப்படி, 267உம் 268உம் ஏன் இல்லை என்பவை விளங்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இத்தகைய பழம்பதிப்புகள் ஏராளமாக உள்ளன. தட்டச்சுப் பாடத்தில் தேடலாம். பக்கப் படத்தில் சரிபார்க்கலாம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைப் புறக்கணிப்பவர் பாதிதான் படிக்கிறார். அகராதி வேண்டுமென்றால், சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடக்கூடிய வடிவில் இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, பயன்படுத்தினால் போதும்.

‘நூலகம்’ என்னும் பெயருள்ள இணையதளத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய இந்த இணைய நூலகம், ஈழத்து நூல்களோடு நின்றுவிடாமல், சிற்றிதழ்கள், நாளிதழ்கள், பள்ளி மலர்கள், கோயில் மலர்கள், இறந்தவர்களுக்காகக் குடும்பத்தார் அச்சிட்ட நினைவு வெளியீடுகள் ஆகியவற்றையும் சேர்த்துவைக்கிறது. எது வரலாறு, எது வெறும் காகிதம் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காத இந்தப் பெருந்தன்மைதான் அதன் பலம் என்று நினைக்கிறேன். ஓர் ஊரில் யார் யார் எங்கே படித்தார்கள், எந்தத் தொழிலுக்குப் போனார்கள், எந்த நாட்டுக்குப் பெயர்ந்தார்கள் என்பதை ஆய்வு நூல்களைவிட இந்த நினைவு வெளியீடுகள் நுணுக்கமாகச் சொல்கின்றன. தமிழ்நாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையா தனிமனிதராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும், 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைபெற்றன. அதற்கு இணையாக நம் ஊர்களில் மாவட்டத்துக்கு ஒரு சேகரிப்பாவது இருந்திருக்கக்கூடும். பெரும்பாலானவை எடைக்குப் போயிருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. ஸ்கேன் செய்து ஏற்றியவுடன் வேலை முடிந்துவிட்டதாக நம் நிறுவனங்கள் கருதுவதுதான் முதன்மையான குறை. படமாக மட்டும் கிடக்கும் பக்கத்துக்குள் எதையும் தேட முடியாது. எழுத்துணரி மென்பொருள் படத்தை எழுத்தாக மாற்றித் தருகிறதென்றாலும், 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் வரும் பழைய ணை, லை, னை, றா போன்ற வடிவங்களிலும், மை மங்கிய பக்கங்களிலும் அது தடுமாறுகிறது. மனிதக் கண் ஒருமுறையாவது படித்தாக வேண்டும். நூல்களை யார் வேண்டுமானாலும் மெய்ப்பு பார்க்கக்கூடிய தமிழ் விக்கிமூலம் தளம் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் அங்கே ஏற்றப்பட்டுள்ளன. ஒரு பக்கத்தில் நூலின் படமும், அதன் அருகிலேயே திருத்தக்கூடிய எழுத்து வடிவமும் தெரியும். ஒருவர் மெய்ப்பு பார்த்தால் பக்கம் மஞ்சள் நிறத்துக்கு மாறும். மற்றொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். பெரும்பகுதிப் பக்கங்கள் இன்னும் அந்த நிலையை எட்டவில்லை.

தமிழ்த்துறை மாணவர்களிடம் ஒப்படைப்பு என்ற பெயரில் ஏதோ ஒரு கட்டுரையை நகலெடுத்து எழுதி வாங்குவதற்குப் பதிலாக, பருவத்துக்குப் பத்துப் பக்கங்களை விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்க்கச் சொல்லி அதற்கு மதிப்பெண் தரலாம். யார் எதைத் திருத்தினார்கள் என்பது ஒவ்வொரு பக்கத்தின் வரலாற்றிலும் பதிவாகிவிடுவதால், ஆசிரியர் சரிபார்ப்பதும் எளிது.