லாசரஸ் போறீங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க

போன சனிக்கிழமை சிங்கப்பூர் மரீனா சவுத் படகுத்துறையில் நீண்ட வரிசை. ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி, கூடாரம் என்று ஆளாளுக்கு ஒரு மூட்டை. செயின்ட் ஜான்ஸ் தீவில் இறங்கியதுமே முக்கால்வாசிப் பேர் பாலத்தைத் தாண்டிப் பக்கத்து லாசரஸ் தீவின் கடற்கரைக்கு ஓட்டம். குறை சொல்லவில்லை, பத்து வருஷமாக நானும் அப்படி ஓடினவன்தான்.

இந்தத் தடவை ஓடவில்லை. தாத்தா சொன்னது நினைவுக்கு வந்தது.

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர் அவர். டெக் பயணி, அதாவது அறை இல்லாமல் கப்பல் தளத்திலேயே படுத்து வந்தவர். "சிங்கப்பூர்ல நான் மொதல்ல பாத்தது ஊரு இல்லடா, மருந்துத் தண்ணி வாடைதான்" என்பார். உடுத்தியிருந்த துணியைக்கூட வாங்கி ஆவியில் அவித்துக் கொடுத்தார்களாம். ராத்திரியில் எதிரே ஊர் விளக்கெல்லாம் தெரியுமாம். போகத்தான் முடியாது.

அந்த இடம் இந்த செயின்ட் ஜான்ஸ்தான். 1873இல் காலரா வந்து ஊரை உலுக்கியது. அடுத்த வருஷமே, கப்பலில் வருகிறவர்களால் நோய் பரவாமல் தனியே வைத்துப் பார்க்கும் குவாரண்டின் முகாமை இங்கே திறந்துவிட்டார்கள். சீனாவிலிருந்து வந்த கூலி, நம் ஊர்க் கூலி, ஹஜ் முடித்துத் திரும்பியவர்கள், எல்லோருக்கும் இதே வாசல். பிறகு அரசியல் கைதிகளை அடைத்தார்கள். 1951இல் இங்கே அடைபட்ட தேவன் நாயர் 1981இல் நாட்டின் அதிபரானார்! அதற்கப்புறம் போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கான மையம். ஊருக்குள் வைத்துக்கொள்ள விரும்பாதவர்களையெல்லாம் தள்ளிவைக்கும் திண்ணையாகவே இருந்திருக்கிறது இந்தத் தீவு.

என் ஆதங்கம் இதுதான். பாரம்பரியம் என்றால் பிள்ளைகளை லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுக்கு மட்டும்தான் கூட்டிப்போகிறோம். சீனர்களைப் பாருங்கள், அவர்களுடைய சந்திர நாட்காட்டியில் ஒன்பதாம் மாதம் வந்தால் பக்கத்துக் கூசு தீவுக் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகப் படகேறுகிறார்கள். நமக்கு இங்கே கோயில் இல்லைதான், ஆனால் முப்பாட்டன் கால் வைத்த மண் இருக்கிறதே?

முள்வேலியும் பழைய கட்டடங்களும் பார்த்துக்கொண்டே நடந்தோம். மகள் கேட்டாள்: "உங்க தாத்தா இதுல எங்க தூங்குனாரு, அப்பா?" தெரியவில்லை. அவரிடம் நான் கேட்டதே இல்லை. பூனை ஒன்று நிழலில் படுத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

போகிறவர்கள் தண்ணீர், சாப்பாடு எடுத்துக்கொள்ளுங்கள், செயின்ட் ஜான்ஸில் கடையை நம்பாதீர்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஓடிப்போய்த்தான் பிடித்தோம்.