மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த குரல்பதிவை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "கவுட்டுக்கு அலோபியூரினால் வேண்டாம், கிட்னி போய்விடும். வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு குடித்து வாயைக் கட்டினால் போதும்." கவுட் என்பது யூரிக் அமிலம் கூடி, மூட்டில் படிகமாகப் படிந்து வரும் வலி. அலோபியூரினால் அந்த அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள் என்று நான் ஒரு வரி எழுதினேன். மருந்துக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று கேட்டார்கள். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

எலுமிச்சை குடியுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். பீரையும் இனிப்புப் பானங்களையும் விடுங்கள், ஈரலையும் நெத்திலியையும் குறையுங்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் மட்டும் ரத்தத்தில் யூரிக் அமிலம் குறைவது டெசிலிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம்தான். 9 இருப்பவருக்கு 8 ஆகும். டாக்டர்கள் கேட்பது 6-க்குக் கீழே. இங்கே சிங்கப்பூர் ரிப்போர்ட்டில் அலகு வேறு என்பதால் அதுவே 360. மீதியை யார் குறைப்பது? அதனால்தான் சொல்கிறேன், மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

என் அப்பாவுக்குப் பலதுறை மருந்தகத்தில் அலோபியூரினாலை 100 மில்லிகிராமில் தொடங்கினார்கள். மூன்றாவது வாரம் கால் பெருவிரல் சிவந்து வீங்கியது. போர்வை பட்டாலே கத்துவார். "மாத்திரை போட்ட பிறகுதானே இப்படி?" என்று தெரிந்தவர் ஒருவர் கேட்க, அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். மூட்டில் படிந்த படிகங்கள் கரையத் தொடங்கும்போது முதல் சில மாதங்கள் வலி வரலாம், அதைத் தடுக்கத்தான் கூடவே கொல்சிசின் கொடுப்பார்கள் என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது புரியவில்லை. அந்தத் தெரிந்தவரே ஒரு பொடியும் கொடுத்தார். கவுட் வலி ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும். அடங்கியது. பெயர் பொடிக்குப் போனது. இரண்டே வருடத்தில் முழங்கையிலும் காது மடலிலும் சுண்ணாம்பு போன்ற யூரிக் அமிலக் கட்டிகள்.

பக்கவிளைவே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அபூர்வமாகச் சிலருக்குத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும். தடிப்போ கொப்புளமோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் குறைந்த அளவில் தொடங்குவார்கள். இதையெல்லாம் டாக்டர் சொல்லித்தான் கொடுக்கிறார். பொடி கொடுத்தவர் என்ன சொன்னார்? மூட்டுவலிக்கு விற்கும் பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாக, மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் எத்தனை முறை எச்சரித்திருக்கிறது! அந்தப் பக்கவிளைவைப் பற்றி ஒருவரும் குரல்பதிவு போடுவதில்லை.

அப்புறம் அந்த "வாயைக் கட்டினால்". அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யூரிக் அமிலத்தில் பெரும்பகுதி உடம்பே உண்டாக்குவது. சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றாதது பலருக்குப் பரம்பரையாக வருவது. அப்பா வாழ்நாளில் பீரைத் தொட்டதில்லை. கல்யாண வீட்டில் அவர் இலையில் பருப்பைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் ஆகாதே, நாக்கை அடக்கக் கூடாதா?" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்கள். பருப்பால் கவுட் கூடுவதில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அப்பா விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். மறுபடி மாத்திரையைத் தொடங்கி, யூரிக் அமிலம் 340-க்கு வந்த பிறகுதான் தேக்கா மார்க்கெட்டுக்குத் தனியாக நடந்து போனார்.

பதிவு போட்ட அண்ணனுக்கு ஒன்று. உங்கள் பேச்சைக் கேட்டு என் சித்தப்பா திங்கட்கிழமையிலிருந்து மாத்திரை போடவில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார். அவர் நம்பர் உங்களிடம் இருக்கிறது. இன்றைக்கே நீங்கள் அவரைக் கூப்பிடுங்கள்.