அது எடை குறைப்பு மாத்திரை அல்ல
“அடக்க முடியாமல் சாப்பிடுபவர்களுக்காக அமெரிக்கா எடை குறைப்பு மாத்திரையை அங்கீகரித்துவிட்டது” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி யாராவது வாங்கிச் சாப்பிட்டுவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

அந்த மருந்தின் பெயர் லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெடமின். கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரப்பட்டு வந்த, நரம்பு மண்டலத்தைத் தூண்டும் ஊக்க மருந்து அது. பெரியவர்களிடம் மிதமாகவோ தீவிரமாகவோ காணப்படும் மிகையுணவுக் கோளாறுக்கும் (கட்டுப்பாடிழந்து அடிக்கடி அளவுக்கு மீறிச் சாப்பிடும் நோய்) அதைத் தரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015 ஜனவரியில் அனுமதித்தது. உடல் இளைப்பதற்கு அல்ல. மருந்தோடு வரும் குறிப்பே அதைத் தெளிவாகச் சொல்கிறது. இதை ஒத்த வேறு மருந்துகளை எடை குறைக்கப் பயன்படுத்தியபோது கடுமையான இதயப் பாதிப்புகள் பதிவானதையும் அதே குறிப்பு எச்சரிக்கிறது.

பலன் உண்மைதான். ஆய்வுகளில் 50, 70 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு, கட்டுப்பாடிழந்து சாப்பிடும் நாட்கள் மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அதிகமாகக் குறைந்தன. 30 மில்லிகிராமில் அந்த வேறுபாடு தெரியவில்லை. எனவே அளவை மருத்துவர்தான் படிப்படியாக உயர்த்த வேண்டும். தூக்கமின்மை, வாய் வறட்சி, படபடப்பு வரலாம். அடிமையாகும் அபாயமும் உண்டு. கடுமையான இதய நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

மாத்திரைக்கு முன்பே முயல வேண்டியது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சை. அதைப் பற்றி உங்கள் பதிவில் ஒரு வரிகூட இல்லை. தயவுசெய்து “எடை குறைப்பு” என்பதை நீக்கிவிட்டு, இதையும் சேர்த்துவிடுங்கள்.