ஐயா வரல்லையா அக்கா?

(மட்டக்களப்பு கல்லடியில் ஒரு ஹாட்வெயார் கடை.)

யோகம் அக்கா: தம்பி, ராட்செட் ஸ்குரூ டிரைவர் இருக்கிறதா?

கடைக்காரர்: ஐயா வரல்லையா அக்கா?

யோகம் அக்கா: எங்கே?

கடைக்காரர்: கடைக்கு.

யோகம் அக்கா: நான்தான் வந்து நிற்கிறேனே.

கடைக்காரர்: அதில்லை. இதெல்லாம் கையில் பிடித்துப் பார்த்து எடுக்கிற சாமான்.

யோகம் அக்கா: எனக்கும் இரண்டு கை இருக்கிறது மனே. எடுத்துக் காட்டுங்கள்.

கடைக்காரர்: இந்தாங்கள், 46 துண்டுப் பெட்டி. சொக்கட், பிட், எக்ஸ்டென்சன் எல்லாம் உள்ளே. வீட்டுக்கு இதுதான் நன்றாகப் போகிறது.

யோகம் அக்கா: எங்கே போகிறது?

கடைக்காரர்: விற்பனையைச் சொன்னேன்.

யோகம் அக்கா: போய்ச் சேருகிற இடத்தை நான் சொல்கிறேன். ஷோகேசுக்குள், கல்யாண அல்பத்துக்குப் பக்கத்தில். எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டில் இந்தப் பெட்டி இருக்கிறது. கதவுப் பிணைச்சல் கழன்றால் மட்டும் குசினிக் கத்தியைத் தேடுகிறார்கள்.

கடைக்காரர்: உங்களுக்கு என்ன வேலைக்கு அக்கா?

யோகம் அக்கா: தையல் மெசின் மூடி, அலுமாரிப் பிணைச்சல், யன்னல் கொண்டி, மேசை பேன். இந்தக் கடற்காற்றுக்கு எதையும் அடிக்கடி கழற்றித் துடைக்காவிட்டால் ஆணியும் சட்டமும் ஒன்றாகிவிடும். சாதாரண டிரைவரில் பிடித்துத் திருகி, விட்டுப் பிடித்துத் திருகி, மணிக்கட்டு நோகிறது. ராட்செட் என்றால் பிடியை விடாமலே திருகலாம்.

கடைக்காரர்: அப்ப ஐயா...

யோகம் அக்கா: ஐயாவுக்கு மணிக்கட்டு நோகவில்லை.

(கடைக்காரர் சுவரில் தொங்கிய ஒரு பாக்கெட்டை எடுத்து மேசையில் வைக்கிறார். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்குக்குள் மஞ்சள் பிடி.)

கடைக்காரர்: இது ஒரிஜினல்.

யோகம் அக்கா: எதனுடைய ஒரிஜினல்?

கடைக்காரர்: ஒரிஜினல் அக்கா. அவ்வளவுதான்.

யோகம் அக்கா: பிரியுங்கள், பார்ப்போம்.

கடைக்காரர்: பிரித்தால் எடுக்கவேணும்.

யோகம் அக்கா: சந்தையில் வெண்டிக்காய் நுனியை முறித்துப் பார்க்க விடுகிறார்கள். நாளைக்கு வாடிப்போகிற சாமான் அது. வருசக்கணக்காகப் பாவிக்கப்போகிற சாமானை நான் தொடக்கூடாதா?

கடைக்காரர்: ஐயா என்றால் பாக்கெட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

யோகம் அக்கா: உண்மை. போன முறை அப்படித்தான் பாக்கெட்டைப் பார்த்துச் சொன்னார். அதைத்தான் இப்ப அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

(கடைக்காரர் பெருமூச்சு விட்டபடி பாக்கெட்டைப் பிரிக்கிறார். கத்திரிக்கோலும் பல்லும் வேண்டியிருக்கிறது. பக்கத்தில் பெயின்ட் பிரஷ் வாங்க நின்ற எனக்குப் பிரஷின் தலையும் வாலும் தெரியாது. என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்கெனவே சுற்றித் தந்துவிட்டார்.)

கடைக்காரர்: திருப்பிப் பாருங்கள். என்ன இறுக்கம்! பலமான சாமான்.

யோகம் அக்கா: கொஞ்சம் பொறுங்கள்.

(அக்காவின் கைப்பையிலிருந்து அளவு நாடா வருகிறது, நூல்கட்டை வருகிறது, மறுகா ஒரு வேப்பம் பலகைத் துண்டும் வருகிறது. அதில் ஒரு ஸ்குரூ ஆணி கால்வாசி இறங்கி, தொட்டால் ஆடுகிற மாதிரி நிற்கிறது. பலகையோடு கடைக்கு வருகிற வாடிக்கையாளரை அந்த மேசை அதுவரை கண்டிராது என்று நினைக்கிறேன்.)

கடைக்காரர்: இது என்ன?

யோகம் அக்கா: பரீட்சை மண்டபம். பாருங்கள், தண்டடி வளையத்தை இறுக்குகிற பக்கம் விட்டு முன்னுக்குத் திருப்புகிறேன், ஆணி இறங்குகிறது. இப்ப கையை விடாமல் பிடியைப் பின்னுக்குத் திருப்புகிறேன். என்ன நடக்கிறது?

கடைக்காரர்: ஆணியும் பின்னுக்கு வருகிறது.

யோகம் அக்கா: வரலாமா?

கடைக்காரர்: நீங்கள் திருப்பினால் வரத்தானே செய்யும்?

யோகம் அக்கா: வராமல் இருக்கத்தானே ராட்செட்! கை பின்னுக்குப் போகும்போது உள்ளே இருக்கிற பல் வழுக்கவேணும், தண்டு அசையாமல் நிற்கவேணும். ஆணி இறுகிய பிறகு எந்த மலிவுச் சாமானிலும் தண்டு நிற்கும். ஆணி தளர்வாக ஆடும்போது நிற்கிறதா என்று பார்க்கத்தான் பலகை கொண்டுவந்தேன். உங்களுடைய இறுக்கம் பலம் இல்லை, உள்ளே சிக்கிக்கொண்டு கிடக்கிறது.

கடைக்காரர்: பிடி சும்மா சுற்றுகிற சாமானா உங்களுக்கு வேணும்?

யோகம் அக்கா: ஒரு பக்கத்துக்கு.

கடைக்காரர்: அப்ப முதலிலேயே சொல்லியிருக்கலாமே. பழுதுப் பெட்டியில் நாலைந்து கிடக்கிறது.

யோகம் அக்கா: என்ன பெட்டி?

கடைக்காரர்: வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவந்தவை. பிடி மட்டும் டிக் டிக் என்று சுற்றுகிறது, ஆணி இறங்கவில்லை என்றார்கள்.

யோகம் அக்கா: யார் கொண்டுவந்தது?

கடைக்காரர்: எல்லாம் ஐயாமார்தான்.

(மேசைக்கு அடியிலிருந்து காட்போட் பெட்டி ஒன்று மேலே வருகிறது. ஒவ்வொரு பிடியிலும் சிவப்புப் பேனையால் ‘பழுது’ என்று எழுதிய தாள்துண்டு, செலோடேப்பால் சுற்றி ஒட்டியிருக்கிறது. அக்கா ஒன்றை எடுத்து, தண்டின் அடியில் இருந்த வளையத்தை இடம்மாற்றி, பலகையில் வைக்கிறார். ஆணி சத்தமில்லாமல் இறங்குகிறது. கை பின்னுக்கு வரும்போது டிக் டிக். ஆணி நின்ற இடத்திலேயே நிற்கிறது.)

கடைக்காரர்: திருத்திவிட்டீர்களே!

யோகம் அக்கா: திருத்த என்ன இருக்கிறது? கழற்றுகிற பக்கம் விட்டுவிட்டு இறுக்கப் பார்த்திருக்கிறார்கள். மூன்று நிலை இருக்கிறது மனே. ஒன்று இறுக்க, ஒன்று கழற்ற, மற்றது பூட்டு. பூட்டில் விட்டால் இரண்டு பக்கமும் சாதாரண ஸ்குரூ டிரைவர் மாதிரி.

கடைக்காரர்: ராட்செட் என்று வாங்கிவிட்டு அதைப் பூட்டுவதற்கு எதற்கு?

யோகம் அக்கா: துருப்பிடித்த ஆணியை முதலில் அசைக்கிறதற்கு. கடைசியாக இறுக்கிற இறுக்குக்கும் அதுதான். அந்த நேரத்தில் ராட்செட்டில் மல்லுக்கட்டினால் பல் போய்விடும்.

கடைக்காரர்: யாருக்கு?

யோகம் அக்கா: உள்ளே இருக்கிற சக்கரத்துக்கு. உங்களுக்குப் பாக்கெட் பிரிக்கப் பல் வேணும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் எத்தனை பல்?

கடைக்காரர்: அதை யார் அக்கா எண்ணியது? ஐயாவைக் கேட்டால்...

யோகம் அக்கா: பாக்கெட் மட்டையில் போட்டிருக்கும். மட்டை இல்லையென்றால் தண்டைப் பிடித்துக்கொண்டு பிடியை ஒரு சுற்றுச் சுற்றி, டிக் டிக்கை எண்ணுங்கள். கணக்குக் கிட்டத்தட்ட வரும்.

(கடைக்காரர் எண்ணுகிறார். பதினேழில் தொலைபேசி அடிக்கிறது. மறுபடியும் ஒன்றிலிருந்து. பதின்மூன்றில் யாரோ சீமெந்து விலை கேட்கிறார்கள்.)

யோகம் அக்கா: விடுங்கள், நான் எண்ணிவிட்டேன். 24. அதாவது 15 பாகைக்கு ஒரு டிக்.

கடைக்காரர்: இந்தா, வேறொரு மட்டையில் 72 என்று இருக்கிறதே. கூடினது நல்லதுதானே?

யோகம் அக்கா: 72 என்றால் 5 பாகை திரும்பினாலே அடுத்த பல்லைப் பிடிக்கும். அலுமாரி மூலைக்குள் கை திரும்ப இடமில்லாத வேலைக்கு அருமை. ஆனால் பல் கூடக்கூட ஒவ்வொரு பல்லும் சின்னதாகும். இரும்பு நல்லதாக இருந்தால் சரி. மட்டையில் தமிழும் இல்லை, ஆங்கிலமும் ஒழுங்காக இல்லை. இந்த இரும்பில் சின்னப் பல்லை நான் நம்பமாட்டேன்.

கடைக்காரர்: சரி, அந்த 24ஐயே எடுங்கள். பிடி ரப்பர் வேறு. கரண்ட் வேலையும் செய்யலாம்.

யோகம் அக்கா: இதைத்தான் எல்லாருக்கும் சொல்லி விற்கிறீர்களா?

கடைக்காரர்: ரப்பர்தானே அக்கா...

யோகம் அக்கா: ரப்பர் கை வழுக்காமல் இருக்கப் போட்டது. தண்டு முழுக்க வெறும் இரும்பு. கரண்டுக்கு என்று செய்த டிரைவரில் நுனிக்குக் கிட்ட வரைக்கும் உறை மூடி, 1000 வோல்ட் என்று அடையாளம் போட்டிருக்கும். அது கையில் இருந்தாலும் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தவேணும். 230 வோல்ட்டுக்கு நீங்கள் ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று தெரியாது.

கடைக்காரர்: இதை ஐயாவுக்கும் சொல்லிவையுங்கள்.

யோகம் அக்கா: மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்கிறவரே அவர்தான்.

(பிடியைத் தலைகீழாகப் பிடித்து அக்கா ஒரு உலுப்பு உலுப்புகிறார். அடி மூடி கழன்று விழ, உள்ளே இருந்த, மாற்றிப் போடுகிற நுனிகளான பிட்டுகள் மேசையில் உருண்டு, நிலத்தில் உருண்டு, பெயின்ட் டின்களுக்கு அடியில் போகின்றன. கடைக்காரர் முழங்காலில்.)

கடைக்காரர்: எதற்கு அக்கா உலுப்பினீர்கள்?

யோகம் அக்கா: இங்கே விழுந்தால் நீங்கள் தேடுவீர்கள். வீட்டில் விழுந்தால் நான் தேடவேணும். அடுத்ததைத் தாருங்கள்.

(அடுத்த ‘பழுது’. அதே வளையம், அதே டிக் டிக். உலுப்புகிறார். மூடி அசையவில்லை.)

யோகம் அக்கா: இது சரி. பிட் என்ன அளவு? கால் அங்குல ஆறுமூலைதானே? 6.35 மில்லிமீட்டர்?

கடைக்காரர்: பிட் பிட்டுதான் அக்கா.

யோகம் அக்கா: சில கம்பனி தன்னுடைய பிட் மட்டும் போகிற மாதிரிச் செய்து வைத்திருக்கும். ஒன்று தொலைந்தால் முழுச் சாமானும் முட்டுக்கட்டைதான். கால் அங்குலம் என்றால் எந்தக் கடையிலும் வாங்கலாம். இதில் என்ன இருக்கிறது... பிளாட் இரண்டு, பிஎச் 1, பிஎச் 2. பிஸட் 2 இருக்கிறதா?

கடைக்காரர்: ஸ்டார் எல்லாம் ஒன்றுதானே.

யோகம் அக்கா: இந்தப் பலகை ஆணியின் தலையைப் பாருங்கள். குனிந்து பாருங்கள். பெரிய கூட்டல் குறிக்கு நடுவே, நாலு மூலையிலும் மயிர் மாதிரிக் கோடு தெரிகிறதா? அது பிஸட், அதாவது பொசிடிரைவ். கோடு இல்லாதது பிஎச், பிலிப்ஸ். சிப்போட் அலுமாரிக்குப் பெரும்பாலும் பிஸட் 2 ஆணிதான் வருகிறது. அதற்குப் பிஎச்சை வைத்துத் திருகினால் ஏறி ஏறி வழுக்கி, தலை சப்பையாகிவிடும். மறுகா ஆணி சரியில்லை என்று உங்களிடம் கொண்டுவருவார்கள். நீங்கள் சிவப்புப் பேனையை எடுப்பீர்கள்.

கடைக்காரர்: (வெகுநேரம் குனிந்து பார்த்தபடி) இத்தனை காலம் இதைக் காணவில்லையே அக்கா. ஐயா கொடுத்துவைத்தவர்.

யோகம் அக்கா: திரும்பவும் ஐயா! தம்பி, நான் தைக்கிறவள். என்னிடம் கால்சட்டை தைக்க வருகிற ஆம்பிளையிடம் ‘அம்மா வரல்லையா, இடுப்பளவு அவரைக் கேட்டால்தானே சரியாக இருக்கும்’ என்று நான் சொல்கிறதில்லை. அவர் இடுப்பை அவரே கொண்டுவருகிறார், அளந்து எடுக்கிறேன். உங்களுக்கு உங்கள் சாமானைத் தெரியாது, என்னுடைய மனுசனையும் தெரியாது. ஆனால் அவருக்கு இந்தச் சாமான் தெரியும் என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது.

(கடைக்குள் பேன் சுற்றுகிற சத்தம். அந்த பேனிலும் ஒரு ஆணி தளர்ந்திருக்கிறது.)

கடைக்காரர்: தப்பாக எடுக்காதீர்கள் அக்கா. வாயில் வந்து பழகிவிட்டது.

யோகம் அக்கா: சரி, விலையைச் சொல்லுங்கள்.

கடைக்காரர்: பழுதுப் பெட்டிச் சாமான் பாதி விலைதான். ஆனால் இது நல்ல சாமான் என்று இப்பத்தானே...

யோகம் அக்கா: அரை மணித்தியாலத்துக்கு முன் அது பழுது.

கடைக்காரர்: அப்ப எனக்குத் தெரியாது.

யோகம் அக்கா: தெரியவைத்ததற்கு நான் எவ்வளவு கூலி கேட்கலாம்?

கடைக்காரர்: பாதி விலையே தாருங்கள்.

யோகம் அக்கா: பிஸட் 2 பிட் ஒன்றும் போடுங்கள். அதற்கு முழுக்காசு தருகிறேன்.

கடைக்காரர்: பில் ஐயா பேரில் எழுதட்டா?

யோகம் அக்கா: எழுதுங்கள். காசையும் அவர் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

(பில் உடனே அக்காவின் பேருக்கு மாறுகிறது.)

கடைக்காரர்: இந்தப் ‘பழுது’ துண்டைக் கிழித்துவிடட்டா?

யோகம் அக்கா: ஐயோ, அதில் கை வைக்காதீர்கள்! செலோடேப் இருந்தால் மேலால் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எங்கள் ஒழுங்கையில் இரவல் கேட்காத வீடே இல்லை.